முன்சில்லுகள்

லண்டனில் ஹரோ மலையிலிருந்து கீழே இறங்கும் சரிவில் அருமைநாயகிக்கு அது மறுபடியும் வந்தது. பிறேக்கில் வைத்த வலது கால் துடித்தது. காலை எடுத்தால் நின்றது. மிதித்தால், கீழே யாரோ இருந்துகொண்டு விரலால் உள்ளங்காலைத் தட்டுவதுபோல டக், டக், டக் என்று வந்தது. ஸ்டியரிங்கும் கூடவே நடுங்கியது. வேகம் குறையக் குறையத் தட்டலும் மெதுவாகி, சிவப்பு விளக்கில் கார் நிற்க அதுவும் நின்றது.

ஒக்ரோபர் மழை. தெருவெல்லாம் ஊறிய இலை. பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூற்று எண்பது பிள்ளைகளுக்கு மீனும் உருளைக்கிழங்கும் போட்டுவிட்டு வருகிறாள். கோட்டில் எண்ணெய் மணந்தது. பச்சை விழுந்தும் அவள் எடுக்கவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

ஏழு பேர் இருக்கக்கூடிய சாம்பல் நிறக் கார். வாங்கி ஒன்பது வருடம். யூலை மாதம்தான் முன்சில்லுகள் இரண்டுக்கும் புது டிஸ்க், புதுப் பேட் எல்லாம் போட்டது. சில்லோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டுத்தான் டிஸ்க். பிறேக்கை மிதித்தால் பேட் இரண்டு பக்கமும் வந்து அதைக் கவ்விப் பிடிக்கும். இவ்வளவும் அவளுக்கு யூலையில் தெரியாது. மூன்று கிழமையாக இரவும் பகலும் அதையே நினைத்துத் தெரிந்துகொண்டாள்.

போட்டவர் கிறிஸ்துநாயகம். அவர் வெறும் மெக்கானிக்காக மட்டும் இருந்திருந்தால் அருமைநாயகி அன்றைக்கே சவுத் ஹரோவில் அவருடைய கராஜ் வாசலில் போய் நின்றிருப்பாள். ஆனால் அவர் அவளுடைய மகள் மெலனியைக் கட்டப்போகிற நிர்மலனின் தகப்பன். சம்பந்தி வீட்டாரிடம் பில் கேட்க முடியாது. கழற்றிய பழைய டிஸ்கைக் காட்டுங்கள் என்று கேட்க முடியாது. வேறு கராஜுக்குக் கொண்டுபோகவும் முடியாது. கொண்டுபோனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்னமே செய்தி அவர் காதுக்குப் போய்விடும்.

ரெய்னர்ஸ் லேன் வீட்டுக்கு வந்ததும் உள்ளே போகாமல், போன் வெளிச்சத்தைப் பிடித்து முன்சில்லின் இடுக்குக்குள் பார்த்தாள். டிஸ்கின் விளிம்பெல்லாம் செம்மஞ்சளாகத் துரு. மூன்று மாதத்துப் புதுச் சாமான் இப்படியா இருக்கும்? பழையதைத் தேய்த்து மினுக்கித் திருப்பிப் போட்டுவிட்டாரோ? யூலையில் வேலை நடந்தபோது, "உள்ளுக்கை இருந்து தேத்தண்ணி குடியுங்கோ தங்கச்சி, இஞ்சை ஊத்தை" என்று அவளை அனுப்பியது இப்போது வேறு மாதிரித் தெரிந்தது. எதைப் பார்க்கவிடாமல் அனுப்பினார்?

அவளுடைய புருசன் றெஜினோல்ட் அப்போது பக்கத்தில்தான் நின்றார். இரவுச் சாப்பாட்டில் அவள் கேட்டாள்.

"நீங்கள் கிட்ட நிண்டனீங்கள்தானே. புதுசுதானோ போட்டவர்?"

றெஜினோல்ட் பாரைமீன் குழம்பில் முள்ளெடுத்துக்கொண்டிருந்தார். பார்சல் பிரிக்கும் டிப்போவில் வேலை. வீட்டுக்கு வந்தால் கதை குறைவு.

"பெட்டி உடைச்சு எடுத்தவர். நான் பாத்தனான்."

"பெட்டிக்குள்ளை என்ன இருந்தது எண்டு பாத்தனீங்களோ?"

"சும்மா கதைச்சுக் கதைச்சு உதை ஊதிப் பெருப்பிக்காதையும். அவையின்ரை காதிலை விழுந்தா, பிறகு நீர்தான் அழுவீர்."

அவர் அதைச் சொன்ன விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. முள்ளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முப்பது வருடம் கூட இருந்தவளுக்கு, மனிசன் எதையோ வாய்க்குள் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரியாதா?

அந்த ஞாயிறு மெலனிக்கும் நிர்மலனுக்கும் கோயிலில் முதல் ஓலை வாசிக்க இருந்தது. மூன்று ஞாயிறு, மூன்று ஓலை. இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் கலியாணம் செய்யப்போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கவேண்டும் என்று பாதர் சனத்துக்கு முன் வாசிப்பார். வாசித்துவிட்டால் பின்வாங்குவது லேசில்லை. லண்டனில் இருக்கிற யாழ்ப்பாணத்து வேதக்காரர், மன்னார் வேதக்காரர் எல்லாருக்கும் தெரிந்த விஷயமாகிவிடும். ஒரு இரும்புத் தட்டில் பொய் சொல்லக்கூடியவர் பிள்ளையைப் பற்றி எதை மறைத்திருப்பார்? போனகிழமை ஜெபமாலை சொல்லப்போன வீட்டில், தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து பக்கத்தில் குந்திய ஒருத்தி, நிர்மலன் முந்தி வேறொரு பிள்ளையோடு மோதிரம் மாற்றினவன் என்று ஒரு கதை இருக்கு, வடிவாய் விசாரியுங்கோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இரண்டும் அருமைநாயகிக்குள் ஒன்றாய்ச் சேர்ந்துகொண்டன.

வியாழக்கிழமை சமையலறைக் குளிர் அறைக்குள் நின்று பாதருக்குப் போன் எடுத்தாள். கனடாவில் இருக்கிற மைத்துனிக்கு விசாச் சிக்கல், கலியாணத் திகதி மாறினாலும் மாறும், ஓலையை இரண்டு மூன்று கிழமை தள்ளி வையுங்கோ என்றாள். பாதர் ஒன்றும் கேட்கவில்லை. பொய் இவ்வளவு சுகமாகப் போனது அவளுக்கே பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சுந்தரராஜனைக் கூப்பிட்டாள். வீடு வீடாகப் போய்க் கார் திருத்துகிற இந்தியத் தமிழ் ஆள், திருநெல்வேலிப் பக்கம். எங்கடை ஆக்களோடு புழங்காதவர், கதை வெளியில் போகாது என்பதே அவரிடம் அவள் கண்ட தகுதி. வீட்டு வாசலுக்கும் கூப்பிடவில்லை. மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பின்தெருவில் வரச் சொன்னாள்.

அவர் முதலில் காரை ஓட்டிப் பார்த்தார். அவள் பக்கத்தில் இருந்தாள்.

"ஸ்டியரிங் ஆடுது பாருங்க. அப்போ முன் வீல்தான். பின்னாடின்னா சீட்டுலதான் தெரியும்."

திரும்பி வந்து முன்பக்கத்தைத் தூக்க ஆயத்தம் செய்தார். அதற்கு முன் சில்லு நட்டுகளை இளக்கவேண்டும். கம்பியைப் போட்டுத் தள்ளினார். அசையவில்லை. இரும்புக் குழாய் ஒன்றைக் கம்பியில் செருகி, நீளமாக்கி, இரண்டு கையாலும் தொங்கினார். நட்டு கிறீச்சென்று கத்திக்கொண்டு திரும்பியது. இரண்டாவது கொஞ்சம் லேசு. மூன்றாவது பழையபடி கத்தியது.

"யாருங்க இது, இந்த மாதிரி முறுக்கினது?"

சில்லைக் கழற்றியதும் அருமைநாயகி கிட்டப்போய்க் குனிந்தாள்.

"இந்த டிஸ்க் பழசுதானே? துருவைப் பாருங்கோ."

சுந்தரராஜன் சிரித்தார். "அக்கா, இந்த ஊரு மழைக்கு ஓரத்துல துரு வர ஒரு வாரம் போதும். பேட் படுற இடத்தைப் பாருங்க, எப்படி மின்னுது. தேதி அடிச்சிருக்கான். இந்த வருஷம் செஞ்ச சாமான். நல்ல சாமான்."

அவர் கடிகாரம்போல முகம் வைத்த ஒரு சின்ன அளவியைக் காந்தத்தால் ஒட்டி, அதன் முள்நுனியை டிஸ்கில் தொடவைத்து, கையால் டிஸ்கை மெதுவாகச் சுழற்றினார். முகத்தில் ஊசி ஒரு பக்கம் போய், திரும்பி வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம் போய் வந்தது. தட்டு நேராகச் சுற்றவில்லை, ஒரு தலைமுடித் தடிப்புக்குத் தள்ளாடுகிறது என்றார். தள்ளாடினால் ஒரே இடம் பேட்டில் உரசும். அந்த இடம் மெல்லிசாகும். மெல்லிசும் தடிப்பும் மாறி மாறிப் பேட்டுக்குள் வரும்போதுதான் காலைத் தட்டுகிறது.

"ஏன் தள்ளாடுது?"

"நட்டுதான். ஒண்ணு முரட்டு டைட்டு, ஒண்ணு லூசு. அஞ்சும் ஒரே அளவா இல்லேன்னா டிஸ்க் வளையும். யாரோ மேல ஏறி மிதிச்சு முறுக்கியிருக்காங்க. ஒரு தடவை இல்ல, பல தடவை. நட்டு முனையெல்லாம் தேஞ்சிருக்கு."

"போட்டவர்தானே முறுக்கியிருப்பார்?"

அவர் டிஸ்கைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டினார். பொட்டுத் துரு இல்லை. கம்பித் தூரிகையால் தேய்த்த கோடு இன்னும் தெரிந்தது. "இவ்வளவு சுத்தமா வேலை செய்றவர் அப்படி முறுக்க மாட்டாருக்கா. வேற யாரோ."

எல்லாவற்றையும் திருப்பிப் பூட்டி, அளவோடு இறுக்கிவிட்டு, டிஸ்க் மாற்றத்தான் வேண்டும், எப்போது வரட்டும் என்று கேட்டார். அவள் சொல்லியனுப்புகிறேன் என்றாள்.

வேற யாரோ. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஆளைத் தேடினாள். கிறிஸ்துநாயகத்தின் கராஜில் வேலை செய்கிறவனா? ஆனால் கார் யூலைக்குப் பிறகு அங்கே போகவில்லையே. இரவில் யாராவது வந்து சில்லில் கைவைக்கிறானா? பக்கத்து வீட்டுக்காரனுக்கு இவர்கள் கார் விடுகிற இடத்தில் ஒரு கண். எல்லாரையும் வரிசையில் விட்டுப் பார்த்தும் கடைசியில் கிறிஸ்துநாயகத்திடமே வந்து நின்றாள். அவருக்கு என்ன லாபம் என்று மட்டும் விளங்கவில்லை.

பொழுதுபட மெலனி வந்தாள். ஆஸ்பத்திரி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கோட்டைக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றாள்.

"மம்மி, பாதரிட்டை என்ன சொன்னனீங்கள்?"

அருமைநாயகி வெங்காயத்தை வெட்டினாள்.

"நிர்மலன் கோல் பண்ணி, ஓலை ஏன் கான்சல் எண்டு கேக்கிறான். ஆன்ட்டிக்கு விசா வந்து ரெண்டு மாசம். எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. அவன்ரை அம்மா அழுறாவாம்."

"கான்சல் இல்லை. தள்ளி வைச்சது."

"ஏன்?"

அவள் பிறேக்கைச் சொன்னாள். சுந்தரராஜனைச் சொன்னாள். சொல்லச் சொல்ல, தன் காதுக்கே அது சின்னக் கதையாகக் கேட்டது.

"ஒரு பிறேக்குக்கு," என்றாள் மெலனி.

"பிறேக்குக்கு இல்லை பிள்ளை. மறைக்கிற குணத்துக்கு."

"மம்மி, நீங்கள் கடையிலை கத்தரிக்காயையும் நகத்தாலை கீறிப் பாத்துத்தான் வாங்குவியள். கடைக்காரன் உங்களைக் கண்டாலே பெட்டியை உள்ளுக்கை இழுக்கிறான். மனிசரையும் அப்பிடிக் கீறினா ஆர் நிப்பினம்?"

மேலே போய்க் கதவைச் சாத்தினாள். றெஜினோல்ட் ஹோலில் ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. றெஜினோல்ட் வழக்கம்போல ரயருக்குக் காற்றுப் பார்க்கப் போகிறேன் என்று வெளியே போனார். அருமைநாயகி மேல்மாடியில் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தாள். கீழே இரும்பு இரும்பில் படும் சத்தம். காற்றுப் பார்க்க இரும்பு எதற்கு என்று யன்னல் துணியை விலக்கினாள்.

முன்சில்லு நட்டில் இளக்குகிற கம்பி குறுக்கே நின்றது. றெஜினோல்ட் ஒரு கையால் காரின் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது காலைக் கம்பிக்கு மேல் வைத்து, மற்றக் காலையும் தூக்கி, முழு உடம்போடும் ஏறி நிற்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்.

அவள் யன்னலைத் திறந்தாள். "இறங்குங்கோ."

அறுபத்தொரு வயது மனிசன் திடுக்கிட்டுக் கீழே குதித்தார். அவள் செருப்பில்லாமல் படியிறங்கி வாசலுக்கு வந்தபோது, கம்பியைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு நாளாய்?"

"ஒவ்வொரு சனியும்தான். இறுக்கம் பாக்கிறது."

"ஏன்?"

அவருக்குச் சொல்ல விருப்பமில்லை. அவள் விடவில்லை. துண்டு துண்டாக வந்தது. யூலையில் கிறிஸ்துநாயகம் சில்லைப் பூட்டும்போது ஒரு நீளமான ஸ்பானரால் இறுக்கினார். ஸ்பானர் கிளிக் என்றது. உடனே கையை எடுத்துவிட்டார். அடுத்த நட்டு, கிளிக், கையை எடுத்தார். மூச்சு வாங்கவில்லை, முகத்தில் ஒரு நரம்பு எழும்பவில்லை. ஊரில் இயக்கச்சிக்கும் பளைக்கும் இடையில் குண்டும் குழியுமான றோட்டில் கூட்டுறவுச் சங்கத்து லொறி ஓடினவர் றெஜினோல்ட். அங்கே சில்லு கழன்று உருண்டுபோனதைக் கண்ணால் கண்டவர். நட்டென்றால் ஏறி மிதிக்கவேண்டும், மிதித்து இனிப் போகாது என்று கண்ட பிறகும் இன்னொருதரம் மிதிக்கவேண்டும்.

"மனிசன் அரைகுறையாய் விட்டிட்டுப் போறார் எண்டு நினைச்சன். மன்னாரிலை வள்ளத்து எஞ்சினிலை வேலை பழகின ஆள். வள்ளத்துக்குச் சில்லு இருக்கோ? உள்ளுக்கை நீரும் பிள்ளையும் போற கார்."

"அப்ப உங்களுக்கும் அவரிலை நம்பிக்கை இல்லை."

"இல்லை."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உமக்குச் சொன்னா நீர் சந்தேகப்படுவீர். பிறகு கலியாணம் நிண்டிடும்."

அருமைநாயகி வாசல்படியில் இருந்தாள். குளிர் பாதத்தில் ஏறியது. சுந்தரராஜன் சொன்னதை அவருக்குத் திருப்பிச் சொன்னாள். அந்தக் கிளிக் என்ன கிளிக் என்றும் சொன்னாள்: சுந்தரராஜனிடமும் அதே ஸ்பானர் இருந்தது, வேண்டிய அளவு வந்ததும் அது சத்தம் போட்டுச் சொல்லும், அதற்கு மேல் இறுக்கக்கூடாது. றெஜினோல்ட் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். இடையில் ஒருதரம், "ஓ" என்றார்.

பதினொரு மணிக்கு இருவரும் கராஜுக்குப் போனார்கள். கிறிஸ்துநாயகம் வாங்கோ என்றார், ஆனால் கண்ணைப் பார்க்கவில்லை. வழக்கமான தேத்தண்ணிக் கதையும் இல்லை. பிறேக் துடிக்கிறது என்று றெஜினோல்ட் சொன்னதும் காரைத் தூக்கி, சில்லைக் கழற்றி, அளவியை வைத்தார். ஊசி போய்ப் போய் வந்தது. அவர் முகம் கறுத்துப்போனது. டிஸ்கைக் கழற்றி உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். நட்டுகளும் சரியான இறுக்கத்தில்தான் இருந்தன. நேற்றுச் சுந்தரராஜன் அளவோடு இறுக்கியது.

கடைசியில் நிமிர்ந்து, கையைத் துடைத்தார்.

"என்ரை பிழைதான் அண்ணை. என்ன பிழை எண்டு தெரியேல்லை. முப்பது வருசமாய்ச் செய்யிறன், இப்பிடி வந்ததில்லை. பிள்ளையள் ஓடுற காரிலை நான் கவலையீனமாய் இருந்திட்டன். குறை நினைக்காதேங்கோ."

அப்படியே விட்டுவிடலாம். அவர் புது டிஸ்க் போடுவார், கார் சரியாகும், இரண்டு கிழமையில் ஓலையும் வாசிப்பார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது. அருமைநாயகி புருசனைப் பார்த்தாள். றெஜினோல்ட் நிலத்தில் கிடந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான்," என்றார். "ஒவ்வொரு கிழமையும் ஏறி மிதிச்சனான். உங்கடை இறுக்கத்திலை எனக்கு நம்பிக்கை வரேல்லை."

கிறிஸ்துநாயகம் ஒரு நட்டை எடுத்து அதன் தேய்ந்த முனையை விரலால் தடவினார்.

"நான் நேற்று வேறை ஆளைக் கொண்டு கழட்டிப் பாத்தனான்," என்றாள் அருமைநாயகி. "பழைய டிஸ்கைத் திருப்பிப் போட்டிட்டியளோ எண்டு."

"ஓலையை மறிச்சதும் அதுக்குத்தானோ?"

"ஓம்."

அவர் திரும்பி உள்ளே போனார். போய்விட்டார் என்றே இருவரும் நினைத்தார்கள். இரண்டு அட்டைப் பெட்டியோடு வந்தார். இருவருக்கும் முன்னால் வைத்துக் கிழித்தார். டிஸ்கை அவள் கையில் கொடுத்து, "பாருங்கோ" என்றார். அவள் வாங்கிப் பிடித்தாள். நல்ல பாரம். எண்ணெய் பூசி, கண்ணாடிபோல இருந்தது. அவர் வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் தாமதித்தார். அந்த நேரம் முழுவதும் அவள் பிடித்துக்கொண்டு நின்றாள். தேத்தண்ணி குடிக்க உள்ளே போங்கோ என்று இன்றைக்குச் சொல்லவில்லை.

வேலை முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேலாயிற்று. கழற்றிய டிஸ்க்குகளைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் காரின் பின்பெட்டியில் வைத்தார். புதுப் பேட் டிஸ்கில் படிய வேண்டும், ஒரே சீராகப் பத்துத்தரம் பிறேக் பிடித்து ஓடவேண்டும் என்றார். "தங்கச்சி, நீங்கள் ஓடுங்கோ. நீங்கள்தானே நெடுக ஓடுறது. நான் பக்கத்திலை இருக்கிறன்." றெஜினோல்ட் கராஜிலேயே நின்றுகொண்டார்.

நோர்தோல்ட் பக்கம் போகும் அகன்ற றோட்டில் சனம் குறைவு. முப்பதுக்கு எடுங்கோ, மெதுவாய்ப் பிடியுங்கோ, முழுக்க நிப்பாட்டாதேங்கோ, திரும்ப எடுங்கோ. அதைத் தவிர அவர் ஒன்றும் பேசவில்லை. அவள் மிதித்தாள். கால் ஒரு தட்டலுக்காகக் காத்திருந்தது. வரவில்லை. இரண்டாம் தரமும் காத்திருந்தது. நாலாம் தரத்தில் அவர் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வேறை என்ன சந்தேகம் இருக்கு? இருந்தா இப்பவே கேளுங்கோ."

அவளுக்கு முகம் சுட்டது. ஆனாலும் கேட்டாள். கேளாமல் இருக்க அவளால் ஏலாது.

"நிர்மலன் முந்தி ஒரு பிள்ளையோடை மோதிரம் மாத்தினவனாம்."

"ஓம். மூண்டு வருசத்துக்கு முன்னம். அந்தப் பிள்ளைக்கு ஒஸ்ரேலியாவிலை வேலை கிடைச்சுது. இவன் போகமாட்டன் எண்டிட்டான். ரெண்டு பேரும் கதைச்சுத்தான் விட்டவை. இண்டைக்கும் வாழ்த்து மட்டை வரும்."

"எங்களுக்கு நீங்கள் சொல்லேல்லை."

"மெலனிக்கு முதல்நாளே சொன்னவன். நாங்களும் உங்களுக்குச் சொல்ல வெளிக்கிட்டனாங்கள். மெலனிதான் மறிச்சவ. மம்மிக்குத் தான் சொல்லுறனாம்."

அவள் பிறேக்கை மிதித்தாள். ஐந்து.

"எப்ப சொல்லுவாவாம்?"

கிறிஸ்துநாயகம் கொஞ்சம் யோசித்தார். பொய் ஒன்று சொல்லலாமா என்று யோசிப்பதுபோல இருந்தது. சொல்லவில்லை.

"கலியாணம் முடிஞ்ச பிறகு."

ஆறாவது தரம் அவள் காரை முழுக்க நிறுத்திவிட்டாள். ஓரத்தில் ஒரு பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால். வீட்டில் ஒருவர் அவளுக்குத் தெரியாமல் நட்டை மிதித்திருக்கிறார். ஒருத்தி அவளுக்குத் தெரியாமல் ஒரு கதையைப் பூட்டி வைத்திருக்கிறாள். இவ்வளவு நாளும் இரண்டு பேரையும் விட்டுவிட்டு ஊரிலிருக்கிற மற்ற எல்லாரையும் அவள் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு ஓலையை வாசிக்கச் சொல்லுங்கோவன்," என்றாள்.

"மறிச்சது நீங்கள். நீங்களே சொல்லுங்கோ."

அவள் போனை எடுத்தாள். பாதர் எடுக்கவில்லை. சனிக்கிழமை, பாவசங்கீர்த்தன நேரமாக்கும். செய்தியைச் சொல்லுங்கள் என்றது குரல். பக்கத்தில் இருந்தவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"பாதர், நான் அருமைநாயகி. மெலனியின்ரை அம்மா. ஓலையை நாளைக்கே வாசியுங்கோ." போன் கேட்டுக்கொண்டேயிருந்தது. "விசாப் பிரச்சினை எண்டு சொன்னது பொய், பாதர். எங்கடை பக்கத்திலை தடை ஒண்டும் இல்லை. மாப்பிள்ளை பகுதியிலை இருக்கோ தெரியாது. கேட்டுச் சொல்லுறன்."

போனை வைக்காமல் அவரைப் பார்த்தாள். பஸ் ஒன்று பின்னால் வந்து நின்று, இடம் கேட்டு விளக்கடித்தது. கிறிஸ்துநாயகம் அதை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, போனுக்குக் கேட்கும்படி, "இல்லை பாதர்," என்றார்.

அவள் போனை மடியில் வைத்தாள்.

"இன்னும் நாலுதரம் பிடிக்கவேணும்," என்றார் அவர். "எடுங்கோ."